ஊசி நழுவாத வீதி

மணியகாரர் லேஅவுட் மூன்றாம் வீதியில் நஞ்சப்பன் வீட்டில் இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிள் மட்டமாக உட்கார மறுத்து, கடைசியில் அதற்காக வீதியே மட்டமாகிப்போன அந்த ஆவணி மாதம் வரைக்கும், எங்களுக்கு மேற்கே ஒரு மேடும் கிழக்கே ஒரு பள்ளமும் இருந்தன. மேட்டில் வீடு கட்டியவர்கள் தங்கள் சாமர்த்தியத்தால் மேட்டில் இருப்பதாகவும், பள்ளத்தில் இருப்பவர்கள் தலையெழுத்தால் பள்ளத்தில் இருப்பதாகவும், தண்ணீர் மட்டும் யார் பக்கமும் சேராமல் நியாயமாக மேலிருந்து கீழே போவதாகவும் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊர் கோயமுத்தூர். இங்கே பிறக்கிற குழந்தை அம்மா என்று சொல்வதற்கு முன்னால் மோட்டார் என்று சொல்லும் என வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். அது பொய், அம்மாதான் முதலில், மோட்டார் இரண்டாவது. வீதியின் மேட்டு முனையில் முதல் வீடு நூல் வியாபாரி தண்டபாணியுடையது. வீதி நலச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மேட்டு வீட்டுக்காரரைத் தவிர வேறொருவர் தலைவராகலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதே இல்லை. பள்ளத்து முனையில் கடைசி வீடு டெய்லர் தெய்வானையுடையது. புருசன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டபின், ஒரு தையல் மிசினை வைத்துக்கொண்டு தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டவள் அவள்.

தெய்வானைக்கு இருந்த கஷ்டம் ஒன்றுதான். ஐப்பசியில்தான் தீபாவளி வரும், ஐப்பசியில்தான் அடைமழையும் வரும். வருசத்துச் சம்பாத்தியத்தில் பாதி வரவேண்டிய மாதத்தில், வீதியின் மொத்த மழையும் சாக்கடையும் அவள் வாசற்படி ஏறி உள்ளே வந்து, வெட்டிப் போட்ட ஜாக்கெட் துணிகளைத் தொட்டுப் பார்க்கும். அதனால் மேட்டு வீட்டுப் பெண்கள் அவளிடம் பட்டுத் துணி கொடுப்பதில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் மிசினைத் தூக்கிக்கொண்டு, தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பாறைச் சந்துக்கு அவள் போவாள். அங்கே மாராத்தாள் இருந்தாள். தெய்வானையின் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்து, சட்டைகளுக்குக் காஜா எடுத்துத் தருகிறவள். ஒற்றை அறை வீடு. பாறை மேல் இருந்ததால் தண்ணீர் ஏறாது. பாறை மேல் கிணறும் தோண்ட முடியாது, மரமும் வைக்க முடியாது என்பதால்தான் அந்த இடம் சந்துக்காரர்களுக்குக் கிடைத்தது. மழை ஓயும்வரை மாராத்தாள் தன் கட்டிலை வெளியே தாழ்வாரத்தில் போட்டுவிட்டு, அறையை மிசினுக்கு விட்டுக்கொடுப்பாள்.

வீதிக்கு நட்ட நடுவில் நஞ்சப்பன் வீடு. அவர் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆயுசில் முக்கால்வாசியைக் நூல் நூற்கும் கதிர்களின் இரைச்சலில் கழித்துவிட்டு, மிச்சக் காலத்தில் ஒரே ஒரு நாதஸ்வர இசைத்தட்டையாவது சுத்தமாகக் கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லாதவர். மில் முதலாளியின் வாரிசுகள் பங்களாவை இடித்தபோது, பழைய சாமான்களோடு குப்பைக்குப் போக இருந்த டர்ன்டேபிளைக் கேட்டு வாங்கி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பேர்ப்பட்டை உதிர்ந்துபோன சீமைச் சரக்கு. தேக்குச் சட்டத்துக்குள் மூன்று ஸ்பிரிங்குகளில் தொட்டில்போலத் தொங்கும் ஓர் உலோகத் தட்டு. அதன் நடுவே எண்ணெய்க் குழிக்குள் ஒற்றை எஃகு உருண்டையின் மேல் நிற்கும் அச்சு. அச்சின் மேல், ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும் கனத்தில் கடைந்தெடுத்த அலுமினியச் சக்கரம். மோட்டார் மட்டும் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கும். சக்கரத்துக்கும் அதற்கும் உள்ள உறவெல்லாம் ஒரு மெல்லிய ரப்பர் பெல்ட்டுதான். மோட்டாரின் நடுக்கம் பெல்ட்டோடு நின்றுவிடும், சுற்று மட்டும் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். அதாவது, உழைக்கிறவன் கண்ணிலும் படக் கூடாது, காதிலும் விழக் கூடாது, உழைப்பு மட்டும் வந்து சேர வேண்டும் என்பதே அதன் தத்துவம். மில் முதலாளிக்கு அது ஏன் பிடித்துப்போனது என்று எங்களுக்கு உடனே விளங்கியது.

பெல்ட்டு என்றும் பேரிங் என்றும் காதில் விழுந்தால் எங்கள் வீதி ஆண்கள் வீட்டில் உட்கார மாட்டார்கள். ஒருத்தர் விடாமல் வந்து பார்த்தார்கள். இத்தனை இளைத்த மோட்டாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அரை எச்.பி. மோட்டார் ஒன்றை நேராக அச்சில் கோத்துவிட்டால் பாட்டு இன்னும் கணீரென்று வரும் என்று லேத் பட்டறைக்காரர் மனசாரச் சொன்னார், தானே இலவசமாகச் செய்துதருவதாகவும் சொன்னார். நஞ்சப்பன் டர்ன்டேபிளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார். பழைய ரப்பர் பெல்ட்டு வயசாகித் தொளதொளத்துப் போயிருந்ததால், தெய்வானை உறுதியான பாலியஸ்டர் நூலை அளந்து வட்டமாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். அந்த முடிச்சு மோட்டாரின் கப்பியைத் தாண்டிப் போவது ஊசிக்குக்கூடத் தெரியவில்லை. நூலோடேயே காலம் தள்ளிய தனக்கு இப்படி ஒரு முடிச்சு வரவில்லையே என்று நஞ்சப்பனுக்கு உள்ளூரப் பொறாமைதான்.

அதற்கப்புறம் மிச்சம் இருந்தது மட்டம் பார்ப்பது. சக்கரம் மயிரிழை சாய்ந்தாலும் ஊசி, இசைத்தட்டில் வெட்டிய தடத்தின் ஒரு சுவரில் ஒண்டிக்கொண்டு மறு சுவரைக் கண்டுகொள்ளாது, பாட்டில் ஒரு பக்கம் கரகரக்கும் என்பார் நஞ்சப்பன். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தைச் சக்கரத்தின் மேல் வைத்து, அதன் குமிழியைப் பார்த்துக்கொண்டே கால்களின் திருகாணியைத் திருகுவார். எங்கள் வீடுகள் எல்லாம் வாட்டம் விட்டுக் கட்டியவை, கழுவிவிட்ட தண்ணீர் தானாக வெளியே ஓடிவிட வேண்டும் என்பதற்காக. வீட்டுக்கு ஒரு வாட்டம், வீதிக்கு ஒரு வாட்டம், ஊருக்கு ஒரு வாட்டம். சாயங்காலம் நடுவில் நிற்கும் குமிழி காலையில் கிழக்கே ஒதுங்கியிருக்கும், கிழக்கைச் சரி செய்தால் வடக்கே போகும். அவர் கோபப்படவில்லை, பிடிவாதமும் விடவில்லை. மாதக்கணக்கில் அந்த வேலையைத் தவிர வேறு வேலை செய்யவில்லை.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை அவர் இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது குமிழி நடுவில் நின்றது. அவர் எதையும் தொடவில்லை, டர்ன்டேபிளும் அசையவில்லை, வீதிதான் விட்டுக்கொடுத்திருந்தது. அதே நேரத்தில் வாசலில் தக்காளி வண்டிக்காரர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல்லோடு குனிந்தார். வண்டி தானே நிற்பதைப் பார்த்துவிட்டு, கல்லை ஓரமாகப் போட்டு, கிலோ என்ன விலை என்று கேட்ட அம்மாளுக்குப் பதில் சொன்னார். எந்தச் சுவரிலும் விரிசல் விடவில்லை. மேடு இறங்கியதா பள்ளம் ஏறியதா என்று யாருக்கும் தெரியவில்லை. மேட்டு வீட்டுக்காரர்கள் பள்ளம் ஏறியது என்றும், பள்ளத்து வீட்டுக்காரர்கள் மேடு இறங்கியது என்றும் சொன்னார்கள்.

லேத் பட்டறைக்காரர் நடுரோட்டில் ஒரு பேரிங் உருண்டையை வைத்துவிட்டுப் போய் மதியச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தார், வைத்த இடத்திலேயே இருந்தது. சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள், போகும்போது மிதிக்காமல் போய் வரும்போது மிதித்து வந்த பழக்கம் மாறி, இரண்டு வழியும் மிதிக்க வேண்டியிருந்ததில் சலித்துக்கொண்டார்கள். குடித்துவிட்டு மேட்டிலிருந்து கால் போன போக்கில் இறங்கினாலே வீடு போய்ச் சேர்ந்துவிடும் ஒருவர், இப்போது வழி கேட்டுக் கேட்டுப் போக வேண்டியதாகி, அவமானம் தாங்காமல் குடியைக் குறைத்துக்கொண்டார். மனையடி பார்க்கிறவர் வந்து, ஈசானிய மூலை தாழ்ந்திருக்க வேண்டியது தாழவில்லை, இனிமேல் வீட்டுக்கு வீடு சண்டை வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை எங்கள் வீடுகளில் சண்டையே இல்லாததுபோல நாங்களும் கவலைப்பட்டோம். வீதி முனையில் இருந்த மேட்டுப் பிள்ளையாரை இனி எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு குழப்பம் வந்தது. பிள்ளையார் எதுவும் சொல்லவில்லை. பள்ளத்துப் பக்கம் வீட்டு வாடகை ஏறியது, மேட்டுப் பக்கம் இறங்கியது, நடுவில் இருந்தவர்கள் அதிசயத்தைப் பற்றி நடுநிலையாகப் பேசினார்கள். நஞ்சப்பன் வீட்டிலிருந்து தினமும் காலையில் நாதஸ்வரம் இரண்டு பக்கமும் சுத்தமாகக் கேட்டது. வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது என்று அவர் சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை, கேட்டதாகத் தலையாட்டினோம்.

புரட்டாசியில் முதல் மழை வந்தது. தண்ணீர் எங்கே போவது என்று தெரியாமல் எல்லா வீட்டு வாசலிலும் கணுக்கால் அளவு நின்றது. தண்டபாணியின் காரைச் சுற்றி எவ்வளவு நின்றதோ அவ்வளவேதான் தெய்வானை வாசலிலும் நின்றது. தெய்வானை தன் வாசலில் அந்தத் தண்ணீருக்கு நடுவே நின்றுகொண்டு சிரித்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், அதில் எங்களில் சிலருக்கு வருத்தமும் உண்டு. முழங்கால் தண்ணீரைப் பார்த்தவளுக்குக் கணுக்கால் தண்ணீர் விருந்தாளி மாதிரி. கட்டில் காலுக்கு எத்தனை செங்கல் வைப்பது, அரிசி மூட்டையை எங்கே ஏற்றுவது, நிலைப்படியில் சாக்கை எப்படி மடித்து அடைப்பது என்று மேட்டு வீட்டுப் பெண்கள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். கேட்ட கூச்சத்துக்காகவோ, இனி எல்லார் வீடும் ஒன்றுதான் என்பதாலோ, தீபாவளிக்கான பட்டு ஜாக்கெட் துணிகளை அவளிடமே கொடுத்தார்கள். அவள் வீட்டில் அத்தனை பட்டு அதுவரை வந்ததில்லை.

தண்டபாணி மட்டும் ஒரே கேள்வியை வீதி முழுக்கக் கேட்டுக்கொண்டு நடந்தார்.

“நம்ம வூட்டுத் தண்ணி நம்ம வாசல்லயே நிக்கறதுக்குங்களா நாம வரி கட்டறோம்?”

நியாயமான கேள்வியாகவே எங்களுக்கும் பட்டது. நம் வீட்டுத் தண்ணீர் வேறு ஒருத்தர் வாசலில் நிற்பதற்குத்தானே எல்லோரும் வரி கட்டுகிறோம். இந்தச் சமயத்தில்தான், டர்ன்டேபிளுக்கு அடியில் புகுந்த கரப்பான் பூச்சியை விரட்ட நஞ்சப்பன் அதன் ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய அந்த நொடியில் தண்டபாணி வீட்டு மேசையிலிருந்து காப்பி டம்ளர் சறுக்கி விழுந்தது. கீழே வைத்ததும் வீதி மறுபடி நேராக நின்றது. காரணம் தெரிந்துபோனது, சங்கம் கூடியது.

தண்டபாணி வீட்டுப் போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். டர்ன்டேபிளின் கிழக்குக் கால்களைத் தாழ்த்தி, பழைய வாட்டத்தையே கொண்டுவந்துவிடலாம் என்று தண்டபாணி தொடங்கினார். தெய்வானை எழுந்து நின்றாள். சங்கக் கூட்டத்தில் அவள் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

“இத்தன வருசமா எங்கூட்டுக்கு வந்தது பத்தாதுங்களா? அப்பல்லாம் சாமி விட்ட வாட்டம்னு சும்மா இருந்தனுங்க. இப்ப நீங்க கையால வெக்கற வாட்டம். யார் வூட்டுக்குன்னு பேரச் சொல்லிப்போட்டு வெய்யுங்க.”

யாரும் பேர் சொல்லவில்லை. வாட்டம் தானாக இருந்தவரை யாரும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. இப்போதோ கை தூக்கித்தான் செய்ய வேண்டும், அதுவும் தெய்வானை பார்த்துக்கொண்டிருக்கும்போது. வடக்கே விடலாம் என்றால் வடக்கு வரிசை வீட்டுக்காரர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். மேற்கே என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. காப்பி ஒரு சுற்று வந்து போனது. கடைசியில் தண்டபாணி, தெக்க விடலாம் என்றார். தெக்க என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். சுவர் இருக்கிறது என்றார் தண்டபாணி. சுவர் யாருடைய வீடும் இல்லை என்பதுபோல எல்லோரும் தலையாட்டினோம். பாறைச் சந்து என்ற பேரை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் உச்சரிக்கவில்லை, அந்த நாகரிகம் எங்களுக்கு இருந்தது.

கைகள் தூக்கப்பட்டன. நஞ்சப்பன் மட்டும், தெற்கே சாய்ந்தால் ஊசி உள் சுவரில் அழுந்தும், இசைத்தட்டு பாழாகும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவியே முதல் ஆளாகக் கை தூக்கியிருந்ததால் அவர் விளக்கம் அதோடு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவள் தெய்வானை. அவள் தன் வீட்டில் தரையெல்லாம் பரப்பி வைத்திருக்கும் பட்டுத் துணிகளை நினைத்தாள், இந்த ஒரு தீபாவளி மட்டும் என்று நினைத்தாள், பாறைமேல் அவ்வளவு சுலபமாகத் தண்ணீர் ஏறிவிடாது என்றும் நினைத்தாள். இதையெல்லாம் பின்னால் அவளே சொன்னாள். அவள் கை முழுசாக மேலே போகவில்லை. எண்ணினவர்கள் அதையும் சேர்த்தே எண்ணிக்கொண்டார்கள்.

உடைந்த ஹாக்ஸா பிளேடு ஒன்றை லேத் பட்டறைக்காரர் கொண்டுவந்து டர்ன்டேபிளின் வடக்குக் காலுக்கு அடியில் சொருகினார். வீதி, சுவருக்கு அந்தப் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டு, இலேசாகத் தெற்கே சாய்ந்தது. வாசலில் நின்ற தண்ணீர் ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, சுவர் அடியில் இருந்த சாக்கடைத் துளைகளைத் தேடிக்கொண்டு போனது. நாங்கள் கைதட்டினோம். அன்றிலிருந்து நஞ்சப்பன் பாட்டு போடும்போதெல்லாம் டர்ன்டேபிளின் ஊசி மாட்டிய கையை ஒரு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வானம் பிளந்துகொண்டு பெய்தது. மத்தியானம் தெய்வானை, காய்ந்த தரையில், காய்ந்த பட்டில் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தாள். வெளியே மழை விழுந்த வேகத்தில் தெற்கே போய்க்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மழைச் சத்தம் தனக்குப் பிடித்திருப்பதை அவள் கவனித்தாள். அப்போது கதவைத் தட்டிக்கொண்டு மாராத்தாள் வந்து நின்றாள். தலையில் துணி மூட்டை, இடுப்பளவு நனைந்த சேலை. காஜா எடுக்கக் கொடுத்திருந்த சட்டைகள் மட்டும் நனையாமல் பிளாஸ்டிக் பையில் இருந்தன.

“எங்க சந்துக்குள்ள தண்ணி பூந்துருச்சுங்க்கா. பாறை மேல எப்புடி ஏறுச்சுன்னே தெரியிலீங்க. ரெண்டு நாளைக்கு இங்க இருந்துக்கட்டுங்களா?”

உள்ளே வந்தவள் தரையைப் பார்த்தாள், பரப்பியிருந்த பட்டைப் பார்த்தாள், ஈரக் காலை வாசலிலேயே துடைத்துக்கொண்டாள். அப்புறம் முகம் மலர்ந்து, “உங்கூட்ல இந்த வருசம் தண்ணி வல்லீங்களா? நல்லதாப் போச்சுங்க்கா. எத்தன வருசமா சிரமப்பட்டீங்க,” என்றாள்.

அவள் மனசாரத்தான் சொன்னாள். ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தால் தெய்வானை சமாளித்திருப்பாள், பதிலுக்கு ஏதாவது சொல்லி, இரண்டு பேரும் சண்டை போட்டு, சாயங்காலம் டீ குடித்திருப்பார்கள். இந்தச் சந்தோசத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, குடைகூட எடுக்காமல் எழுந்து போனாள்.

நஞ்சப்பன் ஒரு விரலில் நாதஸ்வரத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொட்டச் சொட்ட வந்து நின்ற தெய்வானை எதற்கு வந்திருக்கிறாள் என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவர் தடுக்கவில்லை. இந்தப் பக்கம் முடியட்டும், இன்னும் கொஞ்சம்தான் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவள் காத்திருக்கவில்லை. அவர் அவசரமாக ஊசியைத் தூக்கிக்கொள்ள, அவள் டர்ன்டேபிளின் வடக்கு ஓரத்தை நிமிர்த்தி பிளேடை உருவினாள்.

“சங்கத்துல வந்து கேப்பாங்க, தெய்வான. என்னன்னு சொல்லட்டும்?”

“நானெடுத்தன்னு சொல்லுங்க. அன்னிக்கு நானுங் கையத் தூக்குனதையும் சேத்தே சொல்லுங்க.”

நஞ்சப்பன் ரசமட்டத்தை எடுத்துச் சக்கரத்தின் மேல் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவுக்கு வந்து நின்றது. அவருக்குச் சாக்கடையும் தெரியாது, சந்தும் தெரியாது. நல்ல காரியம் பண்ணினாய் என்று மனசு நிறைந்து அவளைப் பாராட்டிவிட்டு, ஊசியை மறுபடி முதலிலிருந்து வைத்தார். தெய்வானை படியிறங்கியபோது, தெற்கே போயிருந்த தண்ணீர் சுவர்த் துளைகளின் வழியே திரும்பி வந்து, தண்டபாணி வீட்டிலிருந்து அவள் வீடு வரைக்கும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரைக்கும், ஒரே அளவாகப் பரவிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு கதவு திறந்து, யாரோ யாரையோ திட்டினார்கள். அவள் தண்ணீருக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று ஓடினாள், தண்ணீரும் அவளோடு கூடவே வந்தது.

அவள் உள்ளே நுழைந்தபோது மாராத்தாள் பட்டுத் துணிகளை எல்லாம் அள்ளிக் கட்டிலின் மேல் போட்டுவிட்டு, தையல் மிசினைத் தனியாளாகத் தூக்கப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தாள். தண்ணீர் நிலைப்படியைத் தாண்டி அவள் காலைச் சுற்றி ஏறியது. மாராத்தாள் குற்றவாளிபோல நிமிர்ந்து பார்த்தாள்.

“நாந்தானுங்க்கா ராசி கெட்டவ. நல்லா இருந்த வூடு. நா வந்தனுங்க, எம்பொறத்தாலயே தண்ணியும் வந்துருச்சு பாருங்க.”

“அது உம்பொறத்தால வல்ல, மாராத்தா. எம்பொறத்தால வந்துச்சு,” என்றாள் தெய்வானை.

மாராத்தாள் அதை ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தையாக எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிசினின் அந்த முனையைப் பிடித்தாள்.